இட்லி வடைப் படையின் தளபதி

மழையில் நனைந்த சிமெண்ட் நடைபாதையில் பிள்ளைகளின் கால்கள் ஒன்றாக விழும்போது எழும் "சளப், சளப்" என்ற ஓசையோடுதான் என் இளமைக்காலத்தின் காலைகள் தொடங்கின. ஆக்லாந்தில் மழைக்கென்று தனியாக ஒரு பருவம் கிடையாது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வைட்டாக்கரே மலைப்பக்கம் வானம் கறுத்து, யாரோ கையால் அள்ளித் தெளித்ததுபோல் பெய்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடும். அந்த ஈரத்தில் ஷூ போட்டவர்கள் சிலரும் வெறுங்காலோடு பலருமாக (இந்த ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போவதை அம்மாவால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை) நாங்கள் வரிசையாக நடந்து போவோம். வரிசைக்கு முன்னால் அலமாரிபோல் அகன்ற ஒரு முதுகும், அதன்மேல் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேலங்கியும் போகும். அங்கிருந்து ஒரு குரல் கிளம்பும்: "இட்லி!" நாங்கள் எல்லாரும் வலது காலை ஓங்கி வைத்துக் கத்துவோம்: "வடை!"

அந்த முதுகுக்குச் சொந்தக்காரரின் பெயர் ரே. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இந்த ஊர் வழக்கப்படி குழந்தைகளும் அவரை வெறுமனே "ரே" என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா விடவில்லை. "வயசுல பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா நாக்கு தடிச்சுப் போகும்" என்று மிரட்டி, "ரே மாமா" என்று கூப்பிடச் சொன்னாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தாயைக் குறிக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. முதல் நாள் நான் கூப்பிட்டதும் அவர் திகைத்து நின்று, பிறகு வேலி அதிரச் சிரித்து, "ஜீன், இங்கே வா, என்னை இந்தப் பெண் அம்மா ஆக்கிவிட்டாள்" என்று மனைவியைக் கூப்பிட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்போது நாங்கள் ஆக்லாந்தின் மேற்கே மாசி என்ற பகுதிக்குக் குடிவந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அப்பாவுக்கு எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. மோட்டார்வேயில் நெரிசல் சேருமுன் கிளம்பியாக வேண்டும். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். காலை ஷிப்ட் என்றால் அவளும் போய்விடுவாள். என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது யார் என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கும். அப்போதுதான் ஜீன் ஒரு தட்டு நிறைய, ஸ்கோன் என்று இங்கே சொல்லும் குட்டி ரொட்டிகளோடு வந்து, தன் கணவர் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு "பஸ்" விடுவதாகவும், அதற்குச் சக்கரம் கிடையாது, கால்கள்தான் என்றும் சொன்னார். ஒவ்வொரு வீட்டுத் தபால்பெட்டியும் ஒரு நிறுத்தம். பஸ் வரும்போது நாம் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பஸ் நிற்கும். யாராவது ஒரு பிள்ளை ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தால், எல்லாரும் மழையில் நனைந்தபடி அதற்காகக் காத்திருப்போம். விட்டுவிட்டுப் போவோம் என்று யாராவது முணுமுணுத்தால் ரே மாமா திரும்பிப் பார்ப்பார். அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நாங்கள் பார்த்தது அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான்.

"இட்லி வடை" வந்த கதை எளியது. ரே மாமாவுக்கு வரிசை என்றால் கால்கள் சேர்ந்து விழ வேண்டும். "லெஃப்ட், ரைட்" என்று குரல் கொடுத்துப் பார்த்தார். கடைசி வீட்டுக் குட்டிப் பையனுக்கு எது இடது, எது வலது என்று பிடிபடவே இல்லை. ஒரு நாள் அவர் என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லி, இது என்ன, அது என்ன என்று கேட்டார். இட்லி, வடை என்றேன். அந்த இரண்டு சொற்களையும் நாக்கில் உருட்டிப் பார்த்தவர் சட்டென்று குனிந்து, என் டப்பாவிலிருந்த இட்லியைத் தொட்டுக் குட்டிப் பையனின் இடது காலில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தார். வடையைத் தொட்டு வலது காலில் எண்ணெய்ப் பொட்டு வைத்தார். அன்றிலிருந்து அவனுக்குக் கால் தவறவே இல்லை. இதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் காலத்துல நம்ம ஊர் ஆளுங்களைப் பட்டாளத்துல சேர்த்தப்போ, ஒரு கால்ல ஓலையும் ஒரு கால்ல சீலையும் கட்டி, ஓலைக்கால் சீலைக்கால்னு சொல்லித்தான் நடை பழக்குனாங்களாம். இந்த அமெரிக்காக்காரருக்கு இது எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பது நடையைப் பார்த்தாலே தெரியும். அவர் "மரைன்" என்று அப்பாதான் சொன்னார். கப்பலில் போய்க் கரையில் இறங்கிச் சண்டை போடும் அமெரிக்கப் படையின் பெயர் அது. மற்றவை வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணி உலர்த்திக்கொண்டே ஜீன் அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னவை. அமெரிக்காவின் தெற்கே, பருத்தி விளையும் ஒரு சின்ன ஊரில், முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர் ரே. கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் படையில் சேர்ந்து, கடலைச் சரியாகப் பார்ப்பதற்குள் வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டவர். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்த நியூசிலாந்துப் பெண்தான் ஜீன். போர் முடிந்து ஊர் திரும்பியும் அவருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. ஜீனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆக்லாந்துக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். ஓய்வு பெறும்வரை இந்த நகரத்தில் பஸ் ஓட்டினார். ஓய்வுக்குப் பிறகு பயணிகள் இல்லாமல் அவருக்குப் பொழுது போகவில்லை, எங்களைப் பிடித்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு பதக்கம் இருந்ததும் ஜீன் சொல்லித்தான் தெரியும். போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்காக அவருடைய நாடு கொடுக்கும் மிகப் பெரிய மரியாதைகளில் ஒன்று அது. துணி மாட்டும் கிளிப்புகள் போட்டு வைக்கும் இழுப்பறையில், கிளிப்புகளுக்கு அடியில் அது கிடந்தது. ஏப்ரல் மாதம் போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளையொட்டி, பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் அவரைப் பதக்கத்தோடு வந்து பேசச் சொன்னார். ரே மாமா மஞ்சள் மேலங்கியோடு மட்டும் வந்து நின்றார். "நீங்கள் வீரரா?" என்று ஒருவன் கேட்டான். "நான் பஸ் டிரைவர்" என்றார். அதற்குமேல் யாராலும் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வாங்க முடியவில்லை.

எதிர்வீட்டில் சாந்தி ஆன்ட்டி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் நாற்காலிகள் அவருடைய கராஜிலிருந்துதான் போகும். ரே மாமாவைப் பற்றி அவர் அம்மாவிடம் ஒருமுறை சொன்னார்: "ஓம், அந்த மனுசன் எல்லாம் கதைக்கும். நாய் பூனையோடையும் கதைக்கும். சண்டையைப் பற்றி மட்டும் கதைக்காது. கதைக்காதவைக்குத்தான் உள்ளுக்குள்ள கனக்கக் கிடக்கும்."

உள்ளே கிடந்தது என்ன என்று அந்தக் கோடையில் தெரிந்தது.

வியட்நாமில் ஒரு மத்தியானம், ரேவும் அவருடைய நண்பர்கள் எடியும் சாமும் இருந்த பிரிவு வயல்வெளியில் மாட்டிக்கொண்டது. எடியும் சாமும் அடிபட்டு விழுந்தார்கள். குண்டுகள் பறக்கும்போது ரே சேற்றில் ஊர்ந்துபோய் அவர்களை அடைந்தார். எடிக்கு நினைவு இருந்தது. "சாமை முதலில் தூக்கு" என்றார். ரே அதைக் கேட்கவில்லை. கால் சிதைந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த எடியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டு, யார் தடுத்தும் நிற்காமல் திரும்பவும் போய் சாமைத் தூக்கி வந்தார். வந்து இறக்கியபோது சாம் இறந்திருந்தார். அந்த இரண்டாவது பயணத்துக்குத்தான் பதக்கம். தான் செய்த தவறுக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ரே அத்தனை வருஷங்களும் வாழ்ந்திருக்கிறார். எடிக்கு அவர் எழுதியதும் இல்லை, பேசியதும் இல்லை. ஜீன்தான் யார் யாரையோ கேட்டு எடியைத் தேடிப் பிடித்து, போனில் பேசி, வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

எடி தன் மகளோடு ஆக்லாந்துக்கு வந்து இறங்கினார். சனிக்கிழமை மதியச் சாப்பாடு ரே வீட்டில் என்று முடிவாயிற்று. தெருவே சமைத்தது. ஜீன் பாவ்லோவா செய்தார். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்துச் சுட்டு, மேலே கிரீமும் ஸ்ட்ராபெர்ரியும் வைத்த, தொட்டால் நொறுங்கும் கேக். சாந்தி ஆன்ட்டி, உருளைக்கிழங்கும் மீனும் உள்ளே வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்தார். அம்மா "வெள்ளைக்காரங்களுக்குக் காரம் ஆகாது" என்று எலுமிச்சை சாதம் கிளறினாள். எல்லாம் தயாராகும் நேரத்தில் ரே மாமா, "டெய்ரி"யில் பால் வாங்கி வருகிறேன் என்று மூலைக்கடைக்குக் கிளம்பினார். போனவர் வரவே இல்லை. ஜீன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடையில் கேட்டால், அவர் அங்கே வரவே இல்லை என்றார்கள்.

நாற்காலி எடுக்க அம்மாவும் நானும் சாந்தி ஆன்ட்டியோடு அவருடைய கராஜுக்குப் போனோம். கதவைத் தூக்கினால், உள்ளே ஒரு ஸ்டூலில் ரே மாமா உட்கார்ந்திருந்தார். முன்னால் சாந்தி ஆன்ட்டியின் மாவரைக்கும் கிரைண்டர், பிரித்துப் போட்ட நிலையில். பெல்ட் தளர்ந்திருப்பதாக ஆன்ட்டி எப்போதோ சொல்லியிருந்தாராம், அதைச் சரிசெய்கிறாராம்.

"எல்லாரும் உங்களைத் தேடுறாங்க" என்றாள் அம்மா ஆங்கிலத்தில்.

ரே மாமா நிமிரவில்லை. "அவன் என்னிடம் ஒன்று கேட்டான். நான் செய்யவில்லை. அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது" என்றார். அவ்வளவு பெரிய மனிதரின் குரல் அவ்வளவு சின்னதாக வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

சாந்தி ஆன்ட்டி அவரோடு எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று அந்த ஆங்கிலம் அவருக்குப் போதவில்லை.

"உமக்கென்ன விசரே? என்ர தம்பி போன நாளில இருந்து, அவனோட நிண்டவங்களில ஆராவது ஒருத்தன் வந்து என்ர கதவத் தட்டமாட்டானோ, அவன் கடைசியா என்ன சொன்னவன், தண்ணி கேட்டவனோ, அம்மாவக் கேட்டவனோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லமாட்டானோ எண்டு நான் பாத்துக்கொண்டே இருக்கிறன். ஒருத்தரும் வரேல்லை. உமக்கு வீடு தேடி வருகினம். நீர் இஞ்ச இருந்து கிரைண்டர் கழட்டுறீர்!"

ரே மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: சாந்திக்கு ஒரு தம்பி இருந்தான், போரில் போய்விட்டான், அவனைப் பற்றிச் சொல்ல இதுவரை யாரும் வரவில்லை, உங்களுக்கு ஆள் வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்கிறார்.

அவர் கையிலிருந்த பெல்ட்டைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, துணியில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபடி, "முதலில் ஒரு சொல் சொன்னாரே, 'விசர்' என்று, அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார்.

பைத்தியம் என்று அவர் முகத்தைப் பார்த்து அம்மா எப்படிச் சொல்வாள்? "நண்பர்னு அர்த்தம்" என்றாள்.

வாடகைக் கார் வந்து நின்றபோது, ரே மாமா தபால்பெட்டிக்குப் பக்கத்தில், தினமும் எங்களுக்காக நிற்பதைப்போலவே விறைப்பாக நின்றார். எடி ஒல்லியான, உயரமான மனிதர். அரைக்கால் சட்டை போட்டிருந்தார். செயற்கைக் காலை மறைக்கவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. மகள் நீட்டிய கையை விலக்கிவிட்டுத் தானே இறங்கி, தபால்பெட்டிவரை நடந்து வந்து, ரே மாமாவை மேலும் கீழும் பார்த்தார். தெருவில் எல்லாரும் வேலிக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வழியில் என்னை இரண்டு தடவை கீழே போட்டாய்" என்றார் எடி.

"மூன்று" என்றார் ரே மாமா. "ஒரு தடவை உனக்கு நினைவு இல்லை."

அதன்பின் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றது எத்தனை நேரம் என்று தெரியாது. அம்மாவின் எலுமிச்சை சாதம் ஆறிப்போயிற்று.

சாப்பாடு முடிந்து புல்தரையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது ரே மாமாதான் ஆரம்பித்தார். நான் பாவ்லோவாத் தட்டோடு பக்கத்திலேயே இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. "சாமை முதலில் தூக்கச் சொன்னாய். நான் தூக்கவில்லை" என்றார். எடி புரியாமல் அவரைப் பார்த்தார்.

"ரே, சாம் அப்போதே போய்விட்டான். என் கை அவன் நெஞ்சின்மேல்தான் இருந்தது. நின்றுபோனது எனக்குத் தெரியும். அவனை அந்தச் சேற்றில் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னேன். உனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். இறந்தவனுக்காகத் திரும்பிப் போனவன் என்றுதான் உன்னைப் பற்றி என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தேன்" என்றார்.

ரே மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அகன்ற தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை; இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஜீன் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு எங்கோ மலையைப் பார்த்தபடி இருந்தார். காலையிலிருந்து ரே மாமா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது சாந்தி ஆன்ட்டிக்குத்தான் நினைவுக்கு வந்தது. ஒரு தட்டு நிறைய ரோல்ஸை அவர் மடியில் வைத்து, "சாப்பிடும், விசரா" என்றார்.

ரே மாமா ஈரக் கண்ணோடு நிமிர்ந்து, எடியிடம் பெருமையாகச் சொன்னார்: "இந்தத் தெருவில் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் பார். 'விசர்'. நண்பன் என்று பொருள்." எடி நெஞ்சில் கை வைத்து, "அப்படியானால் நானும் விசர்" என்றார். அப்பாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறியது. சாந்தி ஆன்ட்டி முதலில் அம்மாவை முறைத்தார். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் நடந்தது. எடி நாற்காலியில் உட்கார்ந்து அம்பயர். ரே மாமா பேஸ்பால் மட்டையைப்போல் பேட்டைத் தோளில் தூக்கி வைத்து வீசி, சாந்தி ஆன்ட்டியின் கத்தரிச்செடிகளை நாசம் செய்தார். அவருக்கு யாரும் அவுட் கொடுக்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் பதக்கம் இழுப்பறையைவிட்டு வெளியே வந்தது. அன்சாக் நாள் ஊர்வலத்தில், மஞ்சள் மேலங்கியின்மேல் அதைக் குத்திக்கொண்டு ரே மாமா நடந்தார். அவர் பின்னால் எங்கள் பஸ் முழுவதும் போயிற்று. இது மரியாதையான இடம், மூச்சுவிடக் கூடாது என்று எல்லார் வீட்டிலும் எங்களை மிரட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் அமைதியாக நடக்கையில், கடைசி வீட்டுக் குட்டிப் பையன் பழக்கதோஷத்தில் மெல்ல "இட்லி" என்றான். பெரியவர்கள் திரும்பி முறைத்தார்கள். ரே மாமா நேரே பார்த்தபடி, உதடு அசையாமல், "வடை" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. சாந்தி ஆன்ட்டியின் தம்பிக்கு நினைவு நாள் என்று எதுவும் உறுதியாகத் தெரியாது. அவன் பிறந்தநாளைத்தான் அவர் வைத்திருந்தார். அன்று காலையில் ரே மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு போய், அவருடைய கதவைத் தட்டுவார். "உன் தம்பியைப் பற்றிச் சொல்" என்பார். ஆன்ட்டி தேநீர் போட்டு வைத்துக்கொண்டு, அவன் பனைமரத்திலிருந்து விழுந்தது, கையை விட்டுச் சைக்கிள் ஓட்டியது, வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்தது என்று சொல்லிக்கொண்டே போவார். ரே மாமா அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அவர் உடல் நலம் குன்றும்வரை அது ஒரு வருஷமும் தவறவில்லை.

நான் இப்போது நகரத்தின் மறுபக்கம், பக்குரங்காவில் இருக்கிறேன். என் மகளைக் காரில்தான் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறேன், எல்லாரும் அப்படித்தான். போன மாதம் சாந்தி ஆன்ட்டியைப் பார்க்க மாசிக்குப் போயிருந்தேன். அந்தத் தெருவில் எங்கள் காலத்து மனிதர் அவர் ஒருவர்தான் மிச்சம். ரே மாமா போய்ச் சில வருஷங்களாகின்றன. ஜீனும் அவர் பின்னாலேயே போய்விட்டார். அவர்கள் வீட்டை இடித்துவிட்டார்கள். அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த புல்தரை முழுவதும் ஒட்டி ஒட்டி மாடிவீடுகள். வேலி இல்லை, துணிக்கொடி இல்லை. தெரு அகலத்துக்குக் கார்கள். தபால்பெட்டிகள்கூட ஒரே சுவரில் பதித்த சின்னச் சின்ன இரும்புக் கதவுகளாகிவிட்டன.

நானும் ஆன்ட்டியும் வாசலில் நின்றிருந்தபோது, அந்த மாடிவீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம், வந்து சில வாரங்கள்தான் ஆகின்றனவாம். தமிழ்க் குரல் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் வாடகை, விசா என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, தன் வீட்டைக் கையால் காட்டி, "ஏனுங் ஆன்ட்டி, இங்க முன்னாடி யாரு குடியிருந்தாங்க?" என்று கேட்டாள்.

சாந்தி ஆன்ட்டி அவளைப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

"உள்ளுக்கு வாரும் பிள்ளை. தேத்தண்ணி ஊத்துறன். இருந்துதான் கதைக்க வேணும்."